விளக்கும் முள்ளும்

தனக்கு வரப்போகும் கேட்டை மனிதன் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லதா, அல்லது அது வந்து வாசலில் நிற்கும்போது அறிந்துகொண்டால் போதுமா? வேதாந்திகளும் வைத்தியர்களும் இந்தக் கேள்வியை வெகு காலமாக விசாரித்து வருகிறார்கள். நான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது அவர்கள் வழியாக அல்ல. ஒரு மோட்டார் காரின் டாஷ்போர்டு வழியாக. கேள்வி சிறியதா பெரியதா என்பது அது எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது அல்லவே!

கார் ஓட்டுகிறவர்கள் மட்டுமல்ல, வாடகைக் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்களும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பார்கள். எண்ணெய்க் குவளையின் படம் போட்டிருக்கும். குழந்தைகள் அதை அலாவுதீனின் அற்புத விளக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். சாவியைத் திருப்பினால் எரியும்; இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணைந்துவிட்டால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். பிறகு நாமும் அதை மறந்துவிடுகிறோம். ஒரு வண்டியின் ஆயுள் முழுவதும் அந்த விளக்கு ஓடும்போது எரியாமலே போய்விடலாம். அது பாக்கியம். ஆனால் ஒருநாள் எரிந்துவிட்டால்?

அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் குணம் விளங்கும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு தலைமயிரின் கனத்தைக் காட்டிலும் குறைவான இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியில் எண்ணெய் பாய்ந்துகொண்டே இருக்கவேண்டும். இரும்பு இரும்பைத் தொடாமல் காப்பது அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெயைத் தள்ள ஒரு பம்பு உண்டு. டயருக்குக் காற்றடிக்கும்போது "முப்பது பவுண்டு" என்கிறோமே, அதே கணக்கில் இந்த எண்ணெயின் அழுத்தத்தையும் அளக்கலாம். நல்ல இன்ஜின், நல்ல வேகத்தில் ஓடும்போது 40, 50, 60 பவுண்டு காட்டும். இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் 10 பவுண்டாவது வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் பழைய வாய்ப்பாடு.

இனி விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதன் ஸ்விட்ச், அழுத்தம் 4 அல்லது 7 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் வாயைத் திறக்கும். நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போது 50 பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் 15 பவுண்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. பம்பு தளர்ந்துகொண்டிருக்கிறது. விளக்கோ சமர்த்தாக அணைந்தே இருக்கிறது! அது எரியும்போது நமக்குக் கிடைப்பது சில விநாடிகள். உடனே இன்ஜினை நிறுத்தினால் சில சமயம் தப்பலாம். ஓரமாக நிறுத்த நல்ல நிழல் தேடிக்கொண்டிருந்தால் இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரத்துக்கு யந்திர உலகத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்காவில் இதற்கு முட்டாள் விளக்கு என்றே பேர் வைத்திருக்கிறார்கள். முட்டாள் விளக்கா, விளக்கை நம்புகிறவனா என்பதை அவர்கள் விளக்கவில்லை.

என்னிடம் இருக்கும் கார் வயதானது. தயாரிப்பு நின்றுபோன ரகம். இந்த ரகக் கார்களைக் காப்பாற்றுகிறவர்கள் அவற்றை ஓட்டுவதைக் காட்டிலும் விசாரிப்பதில்தான் அதிக நேரம் செலவிடுவார்கள். நானும் ஒருநாள் மெக்கானிக்கிடம் போய், ஆயில் பிரஷருக்கு ஒன்று, தண்ணீர்ச் சூட்டுக்கு ஒன்று, இரண்டு மீட்டர்கள் வைத்துக் கொடுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "வெக்கலாம் சார். ஆனா ஒண்ணு. இனிமே நீங்க ரோட்டைப் பாக்க மாட்டீங்க, முள்ளைத்தான் பாப்பீங்க."

தமிழில் இது ஒரு விசேஷம். கடிகாரத்தில் நகர்வதும் முள், தராசில் ஆடுவதும் முள், காலில் தைப்பதும் முள். அளந்து காட்டுவதற்கும் குத்துவதற்கும் ஒரே வார்த்தையை வைத்த நம் முன்னோர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"குழாயா, ஒயரா?" என்று அடுத்தபடி கேட்டார் மெக்கானிக். இரண்டு வகை உண்டாம். குழாய் வகையில், இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே நேராக மீட்டருக்குள் வந்துவிடுகிறது. மீட்டருக்குள் தட்டையான, வளைந்த ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது சற்றே நிமிரும். அந்த நிமிர்வு முள்ளை நகர்த்தும். திருவிழாவில் குழந்தைகள் வாங்கி ஊதும் சுருள் ஊதல், ஊத ஊத நீளுமே, அந்தத் தத்துவம்தான். யூஜீன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் இதற்கு உரிமை பெற்றார். ரயில் இன்ஜினின் நீராவிக்காக வளர்ந்த இந்த வளைந்த குழாய் இன்றும் வேலை செய்கிறது. நடுவே தரகர் யாரும் இல்லை. ஆனால் ஓர் அபாயம் உண்டு. அந்தக் குழாய் எங்காவது உடைந்தால், கொதிக்கும் எண்ணெய் ஓட்டுகிறவனின் காலிலேயே பீச்சும். ஒயர் வகையில் எண்ணெய் இன்ஜினோடு நின்றுவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் சென்டர் என்ற சின்னக் கருவி மின்சாரத்தின் மூலம் சேதி அனுப்பும். காலுக்கு ஆபத்தில்லை. ஆனால் சேதியைக் கொண்டுவருகிறவன் யோக்கியனாக இருக்கவேண்டும்.

நான் ஒயரைத் தேர்ந்தெடுத்தேன்.

வேலை அரை நாள் நடந்தது. விளக்கின் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் 'டி' எழுத்தைப் போன்ற ஒரு பித்தளைத் துண்டைப் பொருத்தினார். ஒரு கிளையில் பழைய விளக்கின் ஸ்விட்ச், மறு கிளையில் புதிய சென்டர். "விளக்கை எடுக்கக் கூடாது சார். முள்ளுக்கு நீங்க பாத்தாத்தான் உண்டு. விளக்கு, நீங்க பாக்காதப்போ உங்களைக் கூப்பிடும்" என்றார். எவ்வளவு சரியான வார்த்தை! மரையில் எண்ணெய் கசியாமல் இருக்க வெள்ளை டேப்பைச் சுற்றும்போது பக்கத்தில் நின்ற பையனை அதட்டினார்: "ரெண்டு சுத்துப் போதும்டா. மேல மேல சுத்தினா எர்த் கெடைக்காது. மீட்டர் பொய் சொல்லும்." அந்தச் சென்டரின் மின்சாரம் திரும்பிப் போகும் வழி, அது இன்ஜினின் உலோகத்தைத் தொடும் இடம்தான். கசிவுக்குப் பயந்து அளவுக்கு மீறிப் பொதிந்துவிட்டால், தொடர்பு அறுந்து, முள் தாறுமாறாகப் பேச ஆரம்பிக்கும். சூட்டு மீட்டருக்கு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோக வளையம் வைத்து, அதில் இன்னொரு சென்டரைப் பொருத்தினார்.

முதல் சில வாரங்கள் மெக்கானிக் சொன்னது போலத்தான் ஆயிற்று. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் பிரஷர் முள் 60-க்குப் போய் நிற்கும். "ஆஹா, என்ன ஆரோக்கியம்!" என்று மகிழ்வேன். அரை மணி ஓடிய பிறகு சிக்னலில் நின்றால் அதே முள் 15-க்கு இறங்கும். வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "என்னங்க, வண்டியைப் பாக்குறீங்களா, வைத்தியம் பாக்குறீங்களா?" என்றாள்.

மெள்ள மெள்ளத்தான் விஷயம் பிடிபட்டது. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், தள்ளுவது கஷ்டம், அழுத்தம் அதிகம் காட்டும். சூடேறினால் இளகும், அழுத்தம் இறங்கும். காலையில் காட்டும் 60 ஆரோக்கியத்தின் அடையாளமும் அல்ல. சிக்னலில் காட்டும் 15 நோயின் அடையாளமும் அல்ல. தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். எண்ணெய் அதற்கு வெகு நேரம் பின்தங்கித்தான் சூடாகும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக இன்ஜின் முழுவதும் தயாராகிவிட்டது என்று நினைத்து விரட்டக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது சூட்டு முள் மேலே போகத்தான் செய்யும். உச்சிக்கு வந்து சமதரையில் ஓடினால் தானே இறங்கும். ஏறுவது குற்றமல்ல, ஏறியது இறங்காமல் இருப்பதுதான் சேதி. ஒரு முள்ளின் அர்த்தம் அது காட்டும் எண்ணில் இல்லை. தன் வழக்கத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த வழக்கத்தை அறிய, ஒன்றும் நேராத நல்ல நாட்களிலும் பார்த்திருக்கவேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, மோட்டார் உலகத்தில் இந்த முட்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்று படித்துப் பார்த்தேன். படித்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

1910களில் அமெரிக்கக் கார்களில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று ஒன்று இருந்தது. ரேடியேட்டரின் மூடி மேல் ஒரு வெப்பமானி. ஓட்டுகிறவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கண்ணாடிக்கு அப்பால் சிவப்புத் திரவம் ஏறுவதைப் பார்க்கலாம். வெள்ளை வெயிலில் எல்லாரும் பார்க்கும்படியாக உண்மை வண்டியின் மூக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு அது டாஷ்போர்டுக்குள் வந்தது. 1930களில் ஹட்ஸன் கம்பெனி, முள்ளுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கை வைத்தது. பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். இதுவரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு குறைவாகப் பேசும். ஆனால் பேசுவது உண்மை.

அடுத்தது வேறு மாதிரி. 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு கம்பெனி தன் வண்டிகள் பலவற்றில் ஆயில் பிரஷர் மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த அளக்கும் சென்டரை மட்டும் எடுத்துவிட்டது. அங்கே விளக்குக்கு உள்ள அதே மாதிரி ஸ்விட்சைப் பொருத்தியது. அழுத்தம் 6 பவுண்டோ 60 பவுண்டோ, முள் நடுவில் வந்து நிற்கும். இல்லாவிட்டால் கீழே விழும். நடுவே பேச்சே கிடையாது. மாஸ்டா கம்பெனியின் எம்.எக்ஸ்-5 என்ற பிரபலமான சிறு காரில் முதலில் உண்மையான மீட்டர் இருந்தது. 1995-ஆம் வருஷத்து மாடலிலிருந்து அதுவும் இப்படி ஆகிவிட்டது. முள் இருக்கிறது, எண்கள் அல்லது கோடுகள் இருக்கின்றன, அளவு மட்டும் இல்லை! தண்ணீர்ச் சூட்டு மீட்டருக்கும் இதே கதிதான். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சூடு 80 டிகிரியாக இருந்தாலும் 105 டிகிரியாக இருந்தாலும் முள் நடுவை விட்டு அசையாதபடி செய்திருக்கிறார்கள். வேறு பல கார்களில் அந்த முள்ளும் போய், நீல விளக்கு ஒன்றும் சிவப்பு விளக்கு ஒன்றும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

ஏன் இப்படிச் செய்தார்கள்? செலவு மிச்சம் ஒரு காரணம். அதைக் காட்டிலும் முக்கியமான காரணம் நாம்தான். முள் அசைந்தால் ஜனங்கள் பயந்தார்கள். சிக்னலில் இறங்குகிறதே, மலையில் ஏறுகிறதே என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விற்பனைக்காரரிடம் சண்டை பிடித்தார்கள். "ஒன்றுமில்லை, இது இயல்பு" என்று எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வது? வாடிக்கைக்காரரைத் திருத்துவதைக் காட்டிலும் முள்ளைத் திருத்துவது சுலபம். முள்ளை நடுவில் நிறுத்தினார்கள். புகார்கள் நின்றன.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அளக்காத முள்ளை அளப்பதுபோல் காட்டுவது வஞ்சகமல்லவா? வெறும் விளக்கு 'எனக்கு இதற்குமேல் தெரியாது' என்று ஒப்புக்கொள்கிறது. போலி முள்ளோ, தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நடிக்கிறது. ஆனால் கோபம் ஆறிய பிறகு, அந்தக் கம்பெனிக்காரனை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. உண்மையைக் கேட்டதும் சண்டைக்குக் கிளம்புகிறவனுக்கு உலகம் எவ்வளவு நாள்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்? பெரியவர் ஒருவரின் விஷயம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைத் தாண்டியவர். கண்டிப்பானவர் என்று ஊரெல்லாம் பேர். அவர் படுக்கையில் விழுந்தபோது, அது இன்ன வியாதி, இனி மாதக் கணக்குத்தான் என்று டாக்டர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கூடிப் பேசி, குடல் புண் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அம்மாவுக்கு உண்மை தெரியும். மருமகள்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பால் போடுகிறவருக்கும் தெரியும். எல்லாரும் அந்த அறைக்குள் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, புன்னகையைப் பொருத்திக்கொண்டு போவார்கள்.

நான் பார்க்கப் போன ஒரு சாயங்காலம் அறையில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, எனக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். நான் என்ன குழந்தையா? ஆனா இவங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. அவங்க நடிக்கிறதுக்காக நானும் நடிக்க வேண்டியிருக்கு. என் சம்சாரத்துகிட்ட நாலு வார்த்தை பேசணும். பேசினா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அவ தாங்கமாட்டா."

நான் வெளியே வந்து பெரிய பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், அப்பாவை உங்களுக்கு நல்ல மனுஷராத்தான் தெரியும். நல்லவர்தான். ஆனா நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது கணக்குல நாலு மார்க்குக் குறைஞ்சா, மூணு நாள் வீட்டில யாரோடையும் பேசமாட்டார், சாப்பிடமாட்டார். தம்பி வேலை போனதை ஆறு மாசம் மறைச்சோம். தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுத் தகராறை ஒரு வருஷம் மறைச்சோம். அவர்கிட்ட கெட்ட சேதி சொல்றதுக்கு இந்த வீட்டில யாருக்கும் பழக்கமே இல்லை" என்றார்.

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. பெரியவரைச் சுற்றி நின்ற அந்தப் போலி முட்களைப் பிள்ளைகள் நேற்றுப் பொருத்தவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவரே பொருத்திக்கொண்டார். ஒவ்வொரு தடவை முள் அசைந்தபோதும் அவர் வீட்டை அதிரவைத்தார். அசையாமல் இருப்பதே நல்லது என்று முட்கள் கற்றுக்கொண்டன. கடைசியில், ஒரு மனிதன் தன் மனைவியிடம் மனம் விட்டுப் பேச வேண்டிய வேளையில், வீடு முழுவதும் முகங்கள் நடுவிலேயே நின்றன. பொய்யினால் அவருக்கு நேர்ந்த தீங்கு, உண்மை தெரியாமல் போனது அல்ல. உண்மை அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆளில்லாமல் போனதுதான் தீங்கு.

இரண்டு வாரம் கழித்து நான் மறுபடியும் போனபோது, அந்த அம்மாள் கட்டிலோரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். யாருக்கு என்ன கொடுக்கவேண்டும், எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் அழுதிருந்தார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கதவு திறந்திருந்தது. யார் முதலில் பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லா உண்மையையும் சொல்லிவிட வேண்டியதுதானா? இங்கேதான் மெக்கானிக் விளக்குக்கும் முள்ளுக்கும் வகுத்த வித்தியாசம் உதவுகிறது. விளக்கு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கண்ணில் அடிக்கும். முள் அப்படியல்ல, யாரையும் கூப்பிடுவதில்லை. பார்த்தவனுக்குக் காட்டும், பாராதவனை விட்டுவிடும். நோயாளியின் தலைமாட்டில் நின்று, "உமக்கு இன்னும் மூன்று மாதம்" என்று முழங்குவது உண்மையாகாது. அது உண்மையின் பேரில் செய்யும் கொடுமை. அவன் கேட்கும்போது, அவன் கேட்ட அளவுக்கு, கண்ணை வேறு பக்கம் திருப்பாமல் பதில் சொல்வதுதான் உண்மை. கேட்க விரும்பாதவனுக்குக் கேளாதிருக்கும் உரிமையும் உண்டு. ஆனால் கேட்டவனுக்கு நடுவில் நிறுத்திய முள்ளைக் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொரு கட்சிக்காரர் இருக்கிறார். அவரும் எனக்கு வேண்டியவர்தான். இரத்தக் கொதிப்புக்கு ஒரு சின்ன யந்திரம் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துத் தடவை கையில் பட்டையைச் சுற்றிக்கொள்கிறார். இரண்டு புள்ளி ஏறினால் சோறு இறங்காது. சோறு இறங்காத கவலையில் இன்னும் நாலு புள்ளி ஏறும். அவருடைய மைத்துனரோ, "பார்த்தால்தானே கவலை?" என்று டாக்டர் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. இரத்தக் கொதிப்புக்கு வலியில்லை, அடையாளமில்லை. வெளியே தெரியும்போது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ தெரியும். அந்த மைத்துனர் விளக்கை மட்டும் நம்பி வாழ்கிறவர். இவரோ முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு ரோட்டை மறந்தவர். இருவரும் விரோதிகளைப் போலச் சண்டை போடுவார்கள். உண்மையில் இருவரும் சகோதரர்கள். ஒரு எண் அசைவதை இருவராலும் தாங்க முடியவில்லை. ஒருவர் அதைப் பார்க்காமல் தப்பிக்கிறார், மற்றவர் பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது என்று நினைக்கிறார்.

முள்ளும் முழு உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்புவதற்கில்லை. இதை ஓட்டுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்டர் தண்ணீருக்குள் முழுகியிருக்கும் வரையில்தான் அது சொல்வது மெய். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எல்லாம் வெளியே கொட்டிவிட்டால், சென்டர் வெறும் ஆவியிலும் காற்றிலும் தொங்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கி, 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்று காட்டும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது நற்செய்தியல்ல. வண்டியை உடனே நிறுத்தவேண்டிய செய்தி. வீட்டிலும் அப்படித்தான். நாள்தோறும் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று மௌனமாகிவிட்டால், "அப்பாடா, சமாதானமாகிவிட்டாள்" என்று நிம்மதியடைகிற புருஷன் மீட்டர் படிக்கத் தெரியாதவன்.

ஆகவே, முன்கூட்டி அறிவது நல்லதா என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான். அறிவது நல்லதா கெட்டதா என்பது அறியும் விஷயத்தில் இல்லை; அதை வாங்கிக்கொள்ளும் மனத்தில் இருக்கிறது. சேதிக்கும் சேதத்துக்கும் நடுவே ஏதோ கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்குமானால், அதை அறிந்தே ஆகவேண்டும். வண்டியை நிறுத்துவதாக இருக்கலாம். மருந்து சாப்பிடுவதாக இருக்கலாம். காரியம் ஒன்றுமே மிச்சமில்லாவிட்டாலும், மனைவியிடம் நாலு வார்த்தை பேசுவதாக இருக்கலாம். விளக்கு மட்டும் உள்ளவனுக்கு அந்த அவகாசம் கிடையாது. முள்ளை வைத்திருப்பவனுக்கும், அது அசையும்போது அலறாமல் இருந்தால்தான் அந்த அவகாசம் பயன்படும்.

காருக்கு மீட்டர் வைக்க அரை நாள் போதும். கொஞ்சம் பணம், ஒரு நல்ல மெக்கானிக். வீட்டுக்கு மீட்டர் வைக்கக் கடையில் ஒன்றும் விற்பதில்லை. மகன் மார்க்குக் குறைந்த தாளை நீட்டும்போது, மகள் "அந்த வரன் எனக்குப் பிடிக்கவில்லை" என்று வாயெடுக்கும்போது, ஆபீஸில் கீழே வேலை செய்கிறவர் "சார், இந்தக் கணக்கு உதைக்கிறது" என்று தயங்கி வந்து நிற்கும்போது, அந்த ஒரு நிமிஷம் நம் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த சேதி நமக்கு வருவதும் வராததும். நம் வீட்டில் எந்தச் செய்தியும் நமக்குக் கடைசியாகத்தான் தெரிகிறதா? எல்லாம் எப்போதும் சுகம் என்றே எல்லாரும் சொல்கிறார்களா? அப்படியானால், நிம்மதி அடைவதற்கு முன்னால், அவர்களை அப்படிச் சொல்லப் பழக்கியது யார் என்று ஒருதரம் யோசித்துப் பார்ப்பது நல்லது.